இருபத்திரண்டு யப்பான் பாட்டுகளும் ஒரு குறிப்பும்

யப்பான் மொழியில் நான் முதன்முதலாக விளங்கிக் கேட்ட பாட்டில், ஒரு பெண் ஒவ்வொரு நாள் காலையிலும் தான் ஏறவேண்டிய றெயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்த றெயிலுக்காக நிற்கிறாள். அடுத்த றெயிலின் மூன்றாவது பெட்டியில் அவளுக்கு விருப்பமான ஒருவன் வருவான். அவள் ஏறி, அவனுக்குப் பின்னால் நின்று, அவனுடைய கோட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிலையம் தாண்டுவாள். பிறகு இறங்கிப் போய்விடுவாள். இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறதாம். பாட்டு அவ்வளவுதான். வகுப்பில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு விசர் வந்தது.

"வாயைத் திறந்து சொல்லித் துலைக்கலாம்தானே," என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

"சொல்லியிருந்தால் பாட்டு வந்திராதே அக்கா," என்றான் அவன்.

அவன் முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான். எனக்கு முப்பத்தொன்று, அவனுக்கு இருபத்தாறு. எங்கள் ஊர் வழக்கப்படி அது மரியாதை, அதற்காக யாரும் கோபப்பட முடியாது. நான் மட்டும் பதிலுக்கு ஒரு நாளும் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "நீர்", "உமக்கு", "இஞ்சை பாரும்" என்று சமாளித்தேன். பத்து மாதம் ஒருவனைத் தம்பி என்று சொல்லாமலே ஓட்டுவது எவ்வளவு பாடு என்று, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். காலையில் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கை தட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். கிழமையில் மூன்று பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்கு யப்பான் வகுப்புக்கு ஓடுவேன். யப்பானில் வயது போனவர்கள் பெருகிவிட்டார்கள், பார்க்க ஆளில்லை, மொழித் தேர்வில் தேறினால் முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. என்னைப் போகச்சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் என்னுடைய சாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய் இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு அப்படிப்பட்ட மாப்பிள்ளைதான் பொருந்துவானாம். ஆறு வருடமாக அம்மா என் சாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தார். பொருந்துகிறதாம், பிறகு பொருந்தவில்லையாம், பிறகு வேறொன்று வருகிறதாம். வீட்டுக்குள் இருக்க இருக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கேயாவது போகவேண்டும். கனடாவுக்குக் கலியாணம் கட்டித்தான் போகலாம், யப்பானுக்குப் படித்துப் போகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தேன்.

வகுப்பு றெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்தது. ஆசிரியரைச் சென்செய் என்று கூப்பிடவேண்டும். அவர் யப்பானில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர். நாலு மணி என்றால் நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை காதுப் பயிற்சிக்கு ஒரு பாட்டுப் போடுவார். அச்சடித்த தாளில் சில சொற்களுக்கு இடம் விட்டிருக்கும், கேட்டு நிரப்பவேண்டும். போட்ட பாட்டெல்லாம் ஒருதலைக் காதல். அதற்கு அவர்கள் 'காத்தாஓமோய்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கத்து நினைப்பு என்று அர்த்தம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கைக்கிளை என்று பாடமாக்கி, சோதனையில் இரண்டு புள்ளி வாங்கியதோடு மறந்துவிட்ட சங்கதி.

"சென்செய், ஒரு சந்தோசமான பாட்டுப் போடமாட்டியளோ?" என்று ஒருநாள் நான்தான் கேட்டேன்.

"சந்தோசமான பாட்டெல்லாம் ஓட்டமா ஓடும் பிள்ளை. உங்கடை காதுக்குப் பிடிபடாது," என்றார் அவர். "கிடைக்காதவன்தான் ஆறுதலாப் பாடுவான். ஒவ்வொரு சொல்லும் விளங்கும்."

அதுவும் சரிதான். பத்து மாதத்தில் இருபத்திரண்டு பாட்டுக் கேட்டோம். ஒருவன் கைபேசியில் செய்தி எழுதி எழுதி அழிக்கிறான். ஒருத்தி மழை வந்தால் ஒரு குடைக்குள் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்க்கிறாள். (எங்கள் பக்கத்தில் மழை வந்தால் எல்லோரும் றெயின்கோட்டை மாட்டிக்கொண்டு தனித்தனியாக நனைவார்கள்.) இன்னொருத்தி, தனக்கு விருப்பமானவனின் கலியாணத்துக்குப் போய் எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டிவிட்டு வருகிறாள். நடுவில் கொக்குவில் றெயில் சத்தம் போட்டுக்கொண்டு போனால் சென்செய் பாட்டை நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை கை கட்டிக்கொண்டு நிற்பார். நாங்களும் நிரப்பாத இடங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். எனக்கு அந்தப் பாட்டுக்காரர்கள் எல்லோரிலும் கோபம். எங்கள் சினிமாவில் ஒருதலைக் காதல்காரன் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்றாவது கத்துவான். இவர்கள் ஒரு சொல் சொல்லாமல் செத்துப்போவார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். அந்தக் காத்தாஓமோய் எனக்கு எப்போது வந்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரியும். கார்த்திகை மாதம், நல்ல மழை, கரண்ட் போய்விட்டது. பாட்டுப் போட வழியில்லை. யாராவது பழைய பாட்டைப் பாடுங்கோ என்றார் சென்செய். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். அவன் எழுந்து நின்றான். அந்த றெயில் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினான். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். கூச்சமே இல்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து, என் முன்பள்ளிப் பிள்ளைகள் காலைத் தேவாரத்துக்கு நிற்பதுபோல நின்று பாடினான். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு பார்த்தால் அவன் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் இருப்பதே பெரும்பாடாகிவிட்டது. பேச்சுப் பயிற்சிக்குச் சென்செய் எங்கள் இருவரையும்தான் சோடி சேர்த்திருந்தார். அவன் பராமரிப்பாளர், நான் கட்டிலில் கிடக்கும் கிழவி. வாங்குப் பலகையை இழுத்துப்போட்டு நான் அதில் சாய்ந்திருக்கவேண்டும். அவன் குனிந்து, "தோக்கோ கா இத்தாய் தெஸ்கா," என்பான். எங்கே நோகிறது என்று கேட்கிறான். புத்தகத்தில் உள்ளபடி நான் முழங்கால் என்று சொல்லவேண்டும். சொன்னேன். பத்து மாதமாக ஒவ்வொரு கிழமையும் அவன் எங்கே நோகிறது என்று கேட்டான், நான் முழங்கால் என்றே சொன்னேன்.

அவனுடைய எழுத்துக் கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் பாட்டுகளை அவனுக்கு நான் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். மேல் வரியில் யப்பான் எழுத்து, அதற்குக் கீழே தமிழில் உச்சரிப்பு, அதற்கும் கீழே கருத்து. இருபத்திரண்டு பாட்டையும் எழுதினேன். சமையல் முடித்துக் குசினி மேசையில் இருந்து, 'உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு', 'உனக்குத் தெரியாமலே', 'ஒரு நாளாவது' என்று வரிவரியாக, மிக அழகான எழுத்தில். ஒரு மனிதனுக்குக் கண் இருந்தால் விளங்கும் என்று நினைத்தேன். கொப்பியைக் கொடுத்த அன்று வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் துலைக்கலாம்தானே என்று அந்தப் பெண்ணைத் திட்டிய அதே வாய்தான்.

தேர்வு முடிவு வந்தது. அவன் தேறிவிட்டான். நான் காதுப் பயிற்சியில் கோட்டைவிட்டேன்.

"அக்கா, உங்கடை கொப்பி இல்லாட்டி நான் பாஸ் பண்ணியிருக்கமாட்டன்," என்றான். "அப்பிடியே பாடமாக்கிப்போட்டன்."

"கருத்தையும் பாடமாக்கினீரோ?"

"ஓம் அக்கா. எல்லாக் கருத்தும் கிட்டத்தட்ட ஒண்டுதானே, லேசாப் போச்சு."

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனைக்கோட்டை வரை எதை யோசித்து ஓட்டினேன் என்று நினைவில்லை.

அவனுக்கு நேர்முகம் கெதியாக முடிந்து, விசாவும் வந்தது. இன்னும் மூன்று கிழமையில் பயணம். எங்கள் ஊர்களில் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு போவார்கள். அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். அந்தக் கிழமை முழுவதும் நான் குட்டி போட்ட பூனைபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முற்றத்தை இரண்டு தரம் கூட்டினேன். முன்பள்ளியில் ஒரே பாட்டை மூன்று தரம் சொல்லிக்கொடுத்ததாகப் பிள்ளைகளே முறைப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் வாசல் படலைவரை கூட்டிக்கொண்டு போய், அங்கே வைத்துச் சொல்வது. என்ன சொல்வது என்பதையும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மூன்று வசனம்.

அவன் வந்தான். வெள்ளைச் சேட்டு மாட்டியிருந்தான், கையில் ஒரு பை. அம்மா விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். நான் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு காதை முன்னால் வைத்திருந்தேன்.

"தம்பி எவடம்?"

"வல்வெட்டித்துறை அம்மா."

"வல்வெட்டித்துறையிலை எவடம்?"

அவன் இடத்தைச் சொன்னான்.

"அப்ப எந்தக் கோயிலடி? அப்பா என்ன செய்யிறவர்?"

அவன் கோயிலையும் சொன்னான், தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்றும் சொன்னான். எங்கள் பகுதியில் ஒருவரைப் பற்றி அறியவேண்டியதை எல்லாம் இந்த நாலு கேள்வியில் அறிந்துகொள்வார்கள். சாதி என்ற சொல்லே வாயில் வராது. எட்டிப் பார்த்தேன். அம்மாவின் முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. எனக்கு முதலில் சந்தோசமாகவும் இருந்தது. அது ஏன் தெளிந்தது என்று பிறகுதான் விளங்கியது. வயதில் இளையவன், எங்களுடைய ஆளும் இல்லை. அம்மாவின் கண்ணுக்கு அவன் மாப்பிள்ளை என்ற கணக்கிலேயே வரவில்லை. ஆகவே அவனை நம்பலாம்.

தேத்தண்ணித் தட்டோடு நான் வெளியே வந்தபோது அம்மா சுவாமி அறையில் இருந்து என்னுடைய குறிப்பின் பிரதி ஒன்றை எடுத்து வந்துகொண்டிருந்தார். பிஸ்கற் தகரத்தில் ஒரு கட்டுப் பிரதி எப்போதும் இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, உள்ளே கடுகுநிறச் சேலையில் நான் முறைத்துக்கொண்டிருக்கும் படமும் வைத்து மடித்தது. யார் வெளிநாடு போனாலும் அம்மா ஒன்று கொடுத்துவிடுவார். லண்டனுக்குப் போன பல் டொக்டர், கனடாவுக்குப் போன ஐயர், பாரிசுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரின் மருமகள், எல்லோருடைய பெட்டிக்குள்ளும் நான் இருந்திருக்கிறேன்.

"தம்பி, கிழக்கைப் பாத்து நில்லும்," என்றார் அம்மா. அவன் எழுந்து கிழக்கைப் பார்த்து நின்றான். "அங்கை எங்கடை ஆக்களிலை நல்ல பெடியன் இருந்தால் பாரும். குடி வெறி இல்லாததாய். அக்காக்கு எட்டிலை செவ்வாய், அதுக்குத் தக்கதாய்ப் பாரும்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதை நான் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அவன் இரண்டு கையையும் நீட்டி, வகுப்பில் பழக்கியதுபோல இடுப்பை வளைத்துக் குனிந்து அதை வாங்கினான்.

"நான் பாக்கிறன் அம்மா. அக்காக்கு நல்ல இடமாய்க் கட்டாயம் பாப்பன்."

அவன் சொன்னால் செய்கிறவன். அதுதான் பிரச்சினை.

படலைவரை போனேன். மூன்று வசனமும் நினைவில்தான் இருந்தன. ஆனால் அவனுடைய சேட்டுப் பையில் என் குறிப்பின் மஞ்சள் மூலை தெரிந்துகொண்டிருந்தது. இன்னொருவனுக்குக் கொடுப்பதற்காக என்னைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் என்னத்தைச் சொல்வது?

"குளிருக்கு உடுப்பு எடுத்தீரோ?" என்று கேட்டேன்.

"எடுத்தனான் அக்கா. போயிட்டு வாறன்."

"ஓம்."

அந்த 'ஓம்' இன்றைக்கும் என் காதில் நாராசமாகக் கேட்கிறது.

அவன் போன பிறகு வகுப்பில் எனக்கு வேறு சோடி கிடைத்தது. மானிப்பாயிலிருந்து வரும் ஒரு அம்மா, எங்கே நோகிறது என்று சந்தையில் விலை கேட்பதுபோலக் கேட்பார். வியாழக்கிழமைப் பாட்டுகள் தொடர்ந்தன. அவன் எப்போதாவது படம் அனுப்புவான். பனி கொட்டிய சைக்கிள். ஒரு கிழவருக்கு அவன் கரண்டியால் சோறு தீத்துவது. ஆளில்லாத ஒரு சின்ன றெயில் நிலையம். ஒவ்வொரு படத்தின் கீழும் 'அக்கா, பாத்தீங்களோ' என்று இருக்கும். நான் ஏதாவது எழுதுவேன், அழிப்பேன், பிறகு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவேன். எழுதி அழிக்கிறவனின் பாட்டு நினைவுக்கு வரும், வந்ததும் கைபேசியைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை என்னால் வீட்டில் நிற்க முடியவில்லை. முன்பள்ளிக்குக் களர்ப் பேப்பர் வாங்க நெல்லியடிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சுன்னாகம், அச்சுவேலி, தொண்டைமானாற்றுப் பாலம் என்று ஸ்கூட்டியை விட்டேன். வல்வெட்டித்துறையில் போய்த்தான் நிறுத்தினேன். கடற்கரையில் படகுகளை இழுத்து வைத்திருந்தார்கள். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. அவனுடைய வீடு எதுவென்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். சும்மா நின்றேன். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"ஆரைத் தேடுறியள் பிள்ளை?"

"ஒருத்தரையும் இல்லை அக்கா. சும்மா வந்தனான்."

"சும்மா ஆரும் இந்த வெயிலுக்கை வந்து நிப்பினமே?"

எனக்கு முகம் எரிந்தது. பாட்டில் அந்தப் பெண் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டு நிற்கிறேன். அவளாவது ஆள் இருக்கும் றெயிலில் ஏறினாள். நான் ஆள் போய் ஐந்து மாதமான ஊருக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண்ணிடம் அரைக் கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"நெல்லியடியிலை இவ்வளவு நேரம் கருவாடோ வாங்கினனீ?" என்றார் அம்மா. கருவாட்டைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தேன். களர்ப் பேப்பரையும் மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் கைபேசியில் அழைத்தான். அங்கே எட்டரை மணி. வேலை முடிந்து றெயிலுக்கு நிற்பதாகச் சொன்னான். குரலில் ஒரே உற்சாகம்.

"அக்கா, ஒரு ஆள் சரிவந்திட்டுது."

"என்ன சரிவந்தது?"

"உங்கடை குறிப்புக்கு. தென்மராட்சி ஆள், வயது முப்பத்தைஞ்சு. கார் தொழிற்சாலையிலை வேலை. குடிக்கிறேல்லை, நான் நல்லா விசாரிச்சிட்டன். அவருக்கும் எட்டிலை செவ்வாய். சாத்திரியாரிட்டையும் போனிலை கேட்டாச்சு, எழுபத்தைஞ்சு வீதம் பொருத்தமாம். இப்ப அம்மாட்டைச் சொல்லட்டோ?"

கேட்கக் கேட்க எனக்கு விளங்கியது. அவனுக்கு மாதத்தில் நாலு நாள்தான் விடுமுறை. அந்த நாலு நாளும் என் குறிப்போடு றெயில் ஏறி, தமிழர் இருக்கும் இடமெல்லாம் போய் விசாரித்திருக்கிறான். நான் கிணற்றடிக்கும் படலைக்கும் நடந்த அத்தனை நாளும் அவன் அங்கே எனக்காகத்தான் அலைந்திருக்கிறான். ஒருவர் இன்னொருவருக்காக இதைவிட அன்பாக என்ன செய்யமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது.

"எனக்கு உவர் வேண்டாம்," என்றேன்.

"ஏன் அக்கா? படம் அனுப்புறன், பாருங்கோவன்."

"படம் வேண்டாம். எனக்கு உம்மைத்தான் விருப்பம். கரண்ட் போன அண்டைக்கு நீர் பாடினீரெல்லோ, அண்டையிலை இருந்து. அந்தக் கொப்பியை உமக்குச் சோதினைக்கு எண்டு நான் எழுதேல்லை."

ஒத்திகை பார்த்த மூன்று வசனங்களில் ஒன்றுகூட இதில் இல்லை. கிணற்றுக் கட்டில் இருந்தேன். அவனுக்குப் பின்னால் நிலையத்தின் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. இரண்டாவது மேடைக்கு றெயில் வருகிறது, ஆபத்து, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே தள்ளி நில்லுங்கள் என்றது. காதுப் பயிற்சியில் தோற்றவள் நான். அன்றைக்கு அந்த அறிவிப்பில் ஒரு சொல் விடாமல் எல்லாம் எனக்கு விளங்கியது.

"அக்..." என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு, "றெயில் வருது. பிறகு கதைக்கிறன்," என்றான்.

அடுத்த நாள் ஒரு செய்தி வந்தது. 'இங்கை குளிர் கூடியிருக்கு. சோதினைக்குப் படிக்கிறீங்களோ?' என்று இருந்தது. அக்கா இல்லை. அந்த இடத்தில் வைக்க வேறு சொல்லும் அவனுக்குக் கிடைக்கவில்லை. 'ஓம், படிக்கிறன்' என்று அனுப்பினேன். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் படித்தேன். பைத்தியம் பிடித்ததுபோலப் படித்தேன். ஸ்கூட்டி ஓட்டும்போதுகூடப் பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே கைபேசியை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன். சொன்னது பிழையோ என்று ஒரு நாள் நினைப்பேன், ஆறு மாதம் முதலே சொல்லியிருக்கவேண்டும் என்று அடுத்த நாள் நினைப்பேன். தேர்வும் எழுதினேன்.

முடிவு வந்த கிழமையில்தான் அந்தக் கடிதமும் வந்தது. தபால்காரர் படலையில் மணியடித்தார். யப்பான் முத்திரை. உறையில் என் பெயரைக் கோழி கிளறிய எழுத்தில் யப்பான் மொழியில் எழுதி, கடைசியில் 'சமா' என்று போட்டிருந்தான். அங்கே தபாலில் யாருக்கும் போடுகிற மரியாதைச் சொல் அது. வங்கியிலிருந்து வரும் கடிதத்திலும் அப்படித்தான் இருக்குமாம். விறாந்தையில் நின்றே உடைத்தேன்.

உள்ளே என்னுடைய குறிப்பு இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், கடுகுநிறச் சேலைப் படம், அம்மா மடித்த அதே மடிப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள் விரலை விட்டுத் தடவினேன். ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஊரில் பெண் வீட்டுக் குறிப்புப் பொருந்தவில்லை என்றால் காரணம் சொல்லி மனதை நோகப்பண்ணமாட்டார்கள். குறிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் திருப்பித் தந்திருக்கிறார்கள், ஒரு தரமும் எனக்கு நொந்ததில்லை. இந்த முறை நெஞ்சு நொந்தது. முழங்கால் இல்லை, நெஞ்சு.

அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார்.

"ஒருத்தரும் பொருந்தேல்லைப் போலை," என்றார். "எண்டாலும் பார், கவனமாத் திருப்பி அனுப்பியிருக்கு. எத்தினை பேர் துலைச்சுப்போட்டுச் சும்மா இருக்கிறாங்கள். நல்ல வளர்ப்பு. தாய் தேப்பன் பழக்கியிருக்கினம்."

"ஓம் அம்மா. நல்ல வளர்ப்பு."

பாட்டுக்காரர்கள் ஒருவருக்கும் பதில் கிடைத்ததில்லை, அவர்கள் கேட்டதே இல்லை. நான் கேட்டேன், பதில் வந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல் என்று சொல்லமாட்டேன். அவன் இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு.

அம்மா தகரத்தைத் திறந்து குறிப்பை மற்றப் பிரதிகளோடு வைத்தார். மூடியை அழுத்திக்கொண்டே, வழமைபோல யோசித்தார்.

"இனி ஆர் பிள்ளை வெளிநாடு போகினம்? தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமே?"

"நான்தான்," என்றேன். "பாஸ் பண்ணியிட்டன். இந்தமுறை காதுப் பயிற்சியிலைதான் கூடப் புள்ளி."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுவாரோ ஏசுவாரோ என்று நான் நின்றேன். அவர் தகரத்தைத் திரும்பத் திறந்து, யப்பானுக்குப் போய் வந்த அதே குறிப்பை எடுத்து, மடிப்பை நீவிவிட்டார்.

"அப்ப நீயே கொண்டு போ," என்றார். "கிழக்கைப் பாத்து நில்."

நான் கிழக்கைப் பார்த்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன்.